புதன்கிழமையின் நான்கு மணி நேரம்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை எழுதியிருக்கிறேன், தலைப்பெழுத்தோடு, ஒன்றரைப் பக்கக் கடிதம் ஒன்றில். அது போதும்.

எல்லோரும் அவரை சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். ஆனால் அவர் நர்ஸ் இல்லை, டயாலிசிஸ் டெக்னீஷியன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் ஆறு படுக்கையும் ஆறு மெஷினுமாக ஒரு சின்ன நிலையம் இருந்தது. அங்கேதான் வேலை. அனகாபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருவார். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. குரல் மட்டும் ஆளைவிட இரண்டு சுற்று பெரியது. மாடிப்படி ஏறும்போதே கேட்கும்.

என் மனைவி கோமதிக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திய பிறகு, திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் சேலையூரிலிருந்து காரில் அங்கே கூட்டிப் போனேன். கையில் இரண்டு பெரிய ஊசி குத்தி, இரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் அனுப்ப வேண்டும். நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரமும் ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். முடியவில்லை என்று பாதியில் எழுந்து வந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி எழுந்து வந்தால் மிச்சமிருக்கும் நீரும் அழுக்கும் உடம்பிலேயே தங்கிவிடும். ஒருநாள், இரண்டு நாள் தாங்கும். பழக்கமாகிவிட்டால் தாங்காது. முதல் நாளே டாக்டர் சொல்லிவிட்டார்: "மருந்தைவிட முக்கியம் இதுதான். நாலு மணி நேரம் முழுசா படுக்கணும்."

முதல் வாரம் இரண்டு மணி நேரம் ஆனதுமே கோமதி அழ ஆரம்பித்துவிட்டாள். "போதும், எடுத்துடச் சொல்லுங்க" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சிஸ்டர் வந்து, ஊசியையும் பார்க்கவில்லை, மெஷினையும் பார்க்கவில்லை.

"அம்மா, இப்ப மணி இன்னா இருக்கும்? போனைப் பார்க்காம சொல்லுங்க."

"மூணு இருக்கும்."

"ரெண்டு இருபது. நாப்பது நிமிஷம் அதிகமா சொல்றீங்க. பரவாயில்ல, மொத வாரம் எல்லாரும் ஒரு மணி நேரம் தப்பா சொல்வாங்க. உங்களுக்கு நாப்பதுதான்."

கோமதி அழுகையை நிறுத்திவிட்டு, தன்னுடைய தவறு மற்றவர்களுடையதைவிடக் குறைவா என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

அதுதான் அவர். மனிதர்களுக்கு நேரம் எப்படிப் போகிறது என்பதில் அவருக்கு அப்படி ஒரு ஆசை. சிலருக்குக் கிரிக்கெட், சிலருக்கு அரசியல், அவருக்கு இது. அந்த அறையில் கடிகாரம் நோயாளிகளின் தலைக்குப் பின்னால் மாட்டியிருந்தது. முன்சுவரில் அது தொங்கிய ஆணியில் இப்போது ஒரு தினசரிக் காலண்டர். மெஷின்களில் மிச்ச நேரம் காட்டும் எண்ணின் மேல் ஒரு துண்டு வெள்ளை டேப். அரை மணிக்கு ஒருமுறை டேப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டுவார்.

"கடிகாரத்தை ஏன் பின்னாடி மாட்டியிருக்கீங்க?" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"எனக்குத் தெரியணும் சார். அவங்களுக்கு எதுக்கு? முன்னாடி மாட்டினா அதையேதான் பார்த்துகினு இருப்பாங்க. பார்க்கப் பார்க்க முள்ளு நவுராது."

தினமும் காலண்டரில் கிழித்த தாளைத் தூக்கிப் போடமாட்டார். அதன் பின்பக்கத்தில் ஆறு பேருடைய ஊகத்தையும் எழுதுவார். ஒரு நாளில் மூன்று முறை கேட்பார். எப்போது கேட்பார் என்று யாருக்கும் தெரியாது. யாருடைய பதில் சரியான நேரத்துக்கு மிக அருகில் இருக்கிறதோ, அவர் கைக்கு டிவி ரிமோட் போகும். ஒரு ரிமோட்டுக்காக வளர்ந்த மனிதர்கள் எவ்வளவு முயற்சி செய்வார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

நான் எழுதுவதில் பாதி, திரும்பி வரும்போது காரில் கோமதி சொன்னது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகு நான் அங்கே உட்காரவில்லை. அவளை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன், நாலே காலுக்குத் திரும்ப வருவேன். உட்கார இடம் இல்லை என்று அவளிடம் சொன்னேன். வெளியே வராந்தாவில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. குழாயில் அவளுடைய இரத்தம் ஓடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அது உண்மை. வீட்டில் விசிறிக்குக் கீழே படுத்தால் சுகமாக இருந்தது. அதுவும் உண்மை.

கோமதி நன்றாக நடித்துக் காட்டுவாள். பக்கத்துப் படுக்கையில் பள்ளிக்கரணை ஆட்டோக்காரர் ஒருவர். அவரிடம் சிஸ்டர் கேட்டாராம்: "அண்ணா, சிக்னல்ல நிக்கறது நீளமா, சவாரி போறது நீளமா?"

"சிக்னல்ல அறுவது செகண்ட் நிக்கறது, சவாரில அரை மணி நேரத்துக்கு சமம் சிஸ்டர்."

"அப்ப சவாரி இல்லாம ஸ்டாண்டுல நிக்கறது?"

ஆட்டோக்காரர் யோசித்தாராம். "அது நேரமே கிடையாது. அது வேற."

"வேறன்னா இன்னா?"

"பேஜார்."

சிஸ்டர் அதையும் தாளில் எழுதிக்கொண்டாராம்.

எதிர்ப்படுக்கையில் சிட்லபாக்கம் டீச்சரம்மா, பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஊகம் மட்டும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தவறாது. ரிமோட் எப்போதும் அவரிடமே போனது. ஒருநாள் ஆட்டோக்காரர் கண்டுபிடித்துவிட்டார். போர்வைக்குள்ளே டீச்சரம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஜெபமாலை முடிய இருபது நிமிடம். மூன்று முடிந்தால் ஒரு மணி நேரம்.

"டீச்சரே காப்பி அடிக்கறாங்கபா!" என்று அவர் கத்த, அறை முழுக்கச் சிரிப்பு. சிஸ்டர் தீர்ப்புச் சொன்னார்: "டீச்சர், நீங்க ஜெபம் பண்ணுங்க, வாணாங்கல. ஆனா மணியை எண்ணினா அதுவும் கடிகாரம்தான். ரிமோட் செல்லாது."

டீச்சரம்மா கோபித்துக்கொண்டு ஒரு வாரம் ஊகமே சொல்லவில்லையாம். அதற்கடுத்த வாரம் அவராகவே கூப்பிட்டு, எண்ணாமல் ஜெபித்தால் நேரம் பாதியாகத் தெரிகிறது என்றாராம். சிஸ்டருக்கு அன்று முழுவதும் சந்தோஷம். எண்ணினால் நீளம், எண்ணாவிட்டால் குட்டை. கடவுளிடம் பேசினாலும் அப்படித்தான்!

இந்தக் கதைகளை நான் பாதிக் காதோடு கேட்டேன். என் தொழில் அப்படி. முப்பத்து நான்கு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்தேன். கடைகளில் தராசையும் படிக்கல்லையும், பெட்ரோல் பங்க்குகளில் லிட்டரையும் சோதித்து முத்திரை போடும் வேலை. பௌதிகத்தில் முதுகலைப் பட்டம். அளவு என்பது ஆளுக்கு ஆள் மாறாதது என்பதுதான் நான் படித்ததும் பிழைத்ததும். இது சிஸ்டர் காதுக்குப் போயிருக்கிறது. ஒருநாள் வழியில் நிறுத்திக் கேட்டார்.

"சார், அம்மா சொன்னாங்க. நீங்க எடைக்கல்லுக்கு முத்திரை குத்தறவராமே. டயத்துக்கு முத்திரை குத்த முடியுமா?"

"தேவையே இல்லைம்மா. அறுபது நொடி எல்லாருக்கும் அறுபது நொடிதான்."

"மெஷினுக்கு அப்படித்தான் சார்" என்றார் உடனே. கிண்டலாகச் சொல்லவில்லை. நான் விஷயத்தில் பாதியைச் சரியாகச் சொல்லிவிட்டேன், மீதியை யோசிக்கட்டும் என்பது போல ஒரு பார்வை.

இன்னொன்று கேட்டார். "ஒரு சந்தேகம் சார். ஒருநாள் கதை பேசிகினே கெடந்தாங்கன்னா, முடியும்போது 'அதுக்குள்ளயா'ன்றாங்க. அதே நாளைப் பத்தி அடுத்த வாரம் கேட்டா, 'அன்னிக்கு ரொம்ப நேரம் இருந்தோமே'ன்றாங்க. சும்மா மோட்டுவளையைப் பார்த்துகினு கெடந்த நாளு, போகவே போகலைன்னு அழுவாங்க. அடுத்த வாரம் கேட்டா அந்த நாளே ஞாபகம் இல்ல. போறப்ப ஓடறது, அப்புறம் பெருசா இருக்குது. போறப்ப இழுக்கறது, அப்புறம் காணாமப் போயிடுது. ஏன் சார்?"

தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. "அதெல்லாம் மனப் பிரமை" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. கோமதி ஒருநாள்கூடப் பாதியில் எழவில்லை. அவளுடைய ஊகம் மாறிக்கொண்டே வந்தது. இரண்டு மணி நேரம் ஆனபோது ஒன்றேகால் மணி நேரம்தான் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டாள். கால் வீக்கம் வற்றியது. சாப்பாட்டில் உப்பு இல்லாததைத் திட்டும் அளவுக்குத் தெம்பு வந்தது.

ஐப்பசி மாதத்தில் ஒரு புதன்கிழமை. மதியத்திலிருந்து மழை பிடித்துக்கொண்டது. சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறிவிட்டால் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று முன்கூட்டியே கிளம்பினேன். நான் மாடியேறியபோது மணி மூன்று நாற்பது. கோமதிக்குக் குறித்த நேரம் பன்னிரண்டே கால் முதல் நாலே கால் வரை. ஆனால் அவள் கையில் பஞ்சு வைத்துப் பிளாஸ்டர் ஒட்டி, செருப்பு போட்டுக்கொண்டு, வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அதுக்குள்ள முடிஞ்சுதா?"

"ஆமா. இன்னிக்கு ஒன்றரை மணி நேரம் மாதிரிதான் இருந்துது" என்று சிரித்தாள்.

உள்ளே போனேன். மேஜையில் பதிவேடு திறந்திருந்தது. கோமதியின் பெயருக்கு நேரே ஆரம்பம் 12.15, முடிவு 4.15 என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தது. பின்சுவரில் கடிகாரம் மூன்று நாற்பத்தொன்று காட்டியது. வராத நேரத்தை எழுதியிருக்கிறார்கள்.

சிஸ்டரைக் கேட்டேன். "இன்னைக்கு எத்தனை மணிக்கு ஊசி போட்டீங்க?"

அவர் வாசல் வழியாகக் கோமதியைப் பார்த்தார். கோமதி தலை குனிந்துகொண்டாள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். என் வேலையில் அந்த மாதிரிப் பார்வைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கல்லாவில் இருப்பவன் கடைப் பையனைப் பார்க்கும் பார்வை.

"பன்னெண்டே கால் சார்."

"அப்போ மூன்றரை மணி நேரம்கூட ஆகலையே."

"நாலு மணி நேரம் முழுசா ஓடிச்சு சார். நம்புங்க."

நம்பவில்லை. வீட்டுக்குப் போகும்வரை கோமதியிடமும் எதுவும் கேட்கவில்லை. நோயாளிக்கு எப்படித் தெரியும், அவளுக்குத்தான் கடிகாரமே காட்டுவதில்லையே என்று நினைத்தேன். நினைத்ததும் எல்லாம் சேர்ந்து பொருந்தியது. கடிகாரத்தை ஏன் தலைக்குப் பின்னால் மாற்றினார்? மெஷினின் எண்ணை ஏன் டேப் ஒட்டி மறைத்தார்? ஏன் மணியைக் கேட்டுக் கேட்டுக் குழப்பினார்? அந்த மாத இரத்தப் பரிசோதனை கொஞ்சம் மோசமாக இருந்தது ஏன்?

அன்று சாயங்காலமே கடிதம் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று அலுவலகத்தில் பெயர். "சேவையின் அளவில் முப்பத்தைந்து நிமிடக் குறைப்பு", "நோயாளிகள் நேரத்தை அறிய இயலாதவாறு திட்டமிட்டுச் செய்யப்பட்ட ஏற்பாடுகள்", "பதிவேட்டில் பொய்யான பதிவு". இப்படியெல்லாம் எழுதினேன். மறுநாள் நேரில் போய் மேலாளரிடம் கொடுத்தேன். கோமதியிடம் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை போனபோது சிஸ்டர் இல்லை. மேலாளர் போனில் கூப்பிட்டு, "நடவடிக்கை எடுத்துட்டோம் சார்" என்றார். அன்று மதியம் நான் நன்றாகத் தூங்கினேன். மறைப்பதற்கில்லை.

புதிதாக வந்தவர் இளைஞர், சுத்தமான வேலைக்காரர். முதல் வேலையாகக் கடிகாரத்தை முன்சுவரில் மாட்டினார். டேப்புகளை உரித்தெடுத்தார். எனக்குத் திருப்தி. கோமதிதான் சொல்லிக்கொண்டே இருந்தாள்: "அந்தக் கடிகாரம் என்னையே பார்க்குது. கண்ணை மூடினாலும் தெரியுது."

மூன்றாவது வாரம் மதியம் போன் வந்தது. "வந்து கூட்டிட்டுப் போங்க. என்னால முடியல." போனேன். நேரம் முடிய இன்னும் கால் மணி இருந்தது. "உங்க விருப்பத்துலதான் முன்னாடி எடுக்கறோம்னு கையெழுத்துப் போடணும் சார்" என்று ஒரு தாளை நீட்டினார்கள். அவள் முகத்தைப் பார்த்தேன். போட்டேன்.

பிறகு அரை மணி. பிறகு முக்கால். பிறகு ஒரு மணி நேரம். ஒவ்வொரு முறையும் அவள் கூப்பிட்டாள், நான் போனேன், கையெழுத்துப் போட்டேன். ஒரு புதன்கிழமை முப்பத்தைந்து நிமிடம் குறைந்ததற்காக ஒன்றரைப் பக்கம் எழுதியவன், அதே அழகான கையெழுத்தில் மணிக்கணக்காக எடுத்துக் கொடுத்தேன். அப்போது இதைச் சேர்த்து யோசிக்கத் தோன்றவே இல்லை.

யோசிக்க வைத்தது கோமதிதான். மாசி மாதம் இருக்கும், ஒரு புதன்கிழமை திரும்பி வரும்போது கேம்ப் ரோடு சிக்னலில் கார் நின்றது.

"இன்னிக்கும் ராகு காலத்துலதான் குத்தினான்" என்றாள்.

"புதன்கிழமைன்னா எப்பவும் அப்படித்தானே. பன்னிரண்டுலேர்ந்து ஒன்றரை. உன்னோட நேரம் பன்னிரண்டே கால்."

"அந்தப் பொண்ணு இருந்தப்ப அப்படி இல்ல. புதன்கிழமை மட்டும் பதினொண்ணரைக்கே எனக்குப் போட்டுடுவா. நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். குறிச்ச டயத்துக்கு முன்னாடி போடக் கூடாதுன்னு அங்க ரூல். அதனால நோட்டுல பன்னெண்டே கால்னு எழுதிப்பா. பாவம், எனக்காக."

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை எடுக்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க சிரிப்பீங்க. அவகிட்டயும், சார்கிட்ட சொல்லிடாதேன்னு சத்தியம் வாங்கியிருந்தேன். புதன்கிழமை டிராஃபிக் ஜாஸ்தின்னு உங்களைச் சீக்கிரம் கிளப்புவேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

சிரிப்பேன்தான். நாற்பத்தோரு வருடம் அவளுடைய ராகு காலத்தைப் பார்த்துச் சிரித்தவன் நான். பதினொன்றரை முதல் மூன்றரை வரை. சரியாக நான்கு மணி நேரம். ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

அன்றே மேலாளரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லி, அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருக்க வேண்டும். கோமதி திரும்ப நான்கு மணி நேரம் படுத்திருப்பாள். நாளைக்குப் போகலாம் என்றேன் எனக்குள்ளே. கோமதியிடம், "நான்தான் எழுதிப் போட்டேன்" என்று சொல்ல வேண்டுமே என்று பயந்தேன். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. சித்திரையில் ஒரு திங்கள்கிழமை காலை, இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவள் படுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நுரையீரலில் நீர். மறுநாள் கோமதி போய்விட்டாள். டாக்டர் பல காரணங்கள் சொன்னார். நான் எதையும் மறுக்கவில்லை. எனக்கு ஒரு காரணம் தெரியும்.

இப்போது வீட்டில் தனியாக இருக்கிறேன். காலைக்கும் மதியத்துக்கும் நடுவே ஒரு யுகம் கிடக்கிறது. ஆனால் மாதம் முடிந்துவிட்டதென்று பால்காரர் வந்து நிற்கும்போது திடுக்கிடுகிறேன். சிஸ்டர் என்னைக் கேட்ட கேள்வியை நானே அனுபவித்துப் பார்க்கிறேன். அவர் இருந்த ஐந்து மாதம், நினைத்துப் பார்த்தால் ஐந்து வருடம் போல விரிகிறது. ஜெபமாலைச் சண்டை, ஆட்டோக்காரரின் பேஜார், கோமதி நடித்துக் காட்டியது, எல்லாம் அதில் இருக்கிறது. அவர் போன பிறகு வந்த ஆறு மாதத்தில் எனக்கு நினைவிருப்பது கையெழுத்துப் போட்டது மட்டும்தான். அவ்வளவு நீளமாக இழுத்த நாட்கள் எங்கே போயின? ஒருவேளை நினைவு கடிகாரத்தை அளப்பதில்லை, அதற்குள் என்ன போட்டோம் என்பதைத்தான் அளக்கிறதோ என்னவோ. இதை அவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல வேறொன்றும் இருந்தது.

பள்ளிக்கரணை ஆட்டோக்காரர்தான் அவர் இருக்குமிடத்தைச் சொன்னார். வண்டலூரில், ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமாக ஒரு சின்ன டயாலிசிஸ் நிலையம். ரயிலில் போனேன். பகல் ஷிஃப்ட் ஆரம்பிக்கும் நேரம். வாசலிலேயே பார்த்துவிட்டார்.

"சார்! வாங்க சார். அம்மா எப்படி கீறாங்க?"

சொன்னேன். கையிலிருந்த கையுறையைக் கழற்றிவிட்டுச் சுவரோரமாகச் சாய்ந்துகொண்டார்.

"அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும் சார். மேனேஜர் படிக்கக் குடுத்தாரு. எழுத்து அச்சு மாதிரி இருந்திச்சு."

"உண்மையை ஏன் சொல்லலை?"

"இன்னாத்த சொல்றது? டயத்துக்கு முன்னாடி போட்டேன்னாலும் தப்பு, நோட்டுல மாத்தி எழுதினேன்னாலும் தப்பு. எப்படியும் வெளியதான். அம்மா பேரை எதுக்கு இழுக்கணும்னு வுட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார்: "நான் போனப்புறம் அம்மா நாலு மணி நேரம் படுத்தாங்களா?"

"மூணு. சில நாள் ரெண்டரை."

"ரெண்டரையா? யாரு சார் கையெழுத்துப் போட்டது?"

"நான்தான்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"கடிதாசி எழுதினதுக்கு ஒண்ணும் இல்ல சார். எனக்கு ஒரு மாசத்துல இங்க வேலை கெடச்சிடுச்சு. ஆனா இதுக்கு..." என்றார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். புதுக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டே போய்விட்டார்.

நான் கிளம்பவில்லை. வெளியே இருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் ரோட்டில் போகும் பஸ்களைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் எதிரே சுவரில் இருந்த ஈரக்கறையைப் பார்த்தேன். உள்ளே அவர் குரல் கேட்டது. யாரையோ ஏதோ கேட்கிறார், யாரோ சிரிக்கிறார்கள். முதுகு வலித்தது. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண்மணி, அவருடைய கணவர் உள்ளே படுத்திருக்கிறாராம், வெண்டைக்காய் நறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். "யாருக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்டார். "மனைவிக்கு" என்றேன். பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. மெஷின் ஒன்று அவ்வப்போது கூவியது. ஒவ்வொரு முறையும் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை.

கடைசியில் ஒவ்வொருவராகக் கையில் பிளாஸ்டரோடு வெளியே வந்தார்கள். வெண்டைக்காய்ப் பெண்மணி கணவரைத் தாங்கிக்கொண்டு போனார். எல்லோரும் போன பிறகு சிஸ்டர் தோளில் பையை மாட்டிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னும் இங்கயேவா கீறீங்க? சாப்பிடக்கூட இல்லியா?"

"அந்த முதல் ரெண்டு வாரத்துக்கு அப்புறம் ஒருநாள்கூட நான் இப்படி அவளுக்காக உட்கார்ந்தது இல்லைம்மா."

அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"புதன்கிழமைல மூன்றரைக்கே ஊசி எடுத்துடுவேன் இல்ல சார். நீங்க நாலே காலுக்குத்தான் வருவீங்க. அதுவரைக்கும் அம்மா வெளிய இப்படித்தான் உட்கார்ந்துகினு இருப்பாங்க. படியில செருப்பு சத்தம் கேட்டா, 'அவரா பாரேன்'னுவாங்க. நானும் எட்டிப் பார்ப்பேன். உள்ள படுத்துகினு இருந்த நாலு மணி நேரம் அவங்களுக்கு எப்படிப் போச்சுன்னே தெரியாது சார். இந்த முக்கா மணி நேரம்தான் போகவே போகாது."